கட்டுமாவடிக் கருவாடும் பர்மாப் பாஷையும்

சேசு மரி சூசை துணை

கட்டுமாவடி
1936 ஜனவரி 12

பிரியமுள்ள பேத்தி அடைக்கலமேரிக்கு அப்பத்தா இன்னாசியம்மாள் எழுதுவது.

முதல்ல நம்ம வீட்டுப் பிள்ளைகள் சேதி. ஒன் தம்பி மரியசெல்வம் எட்டாம் வகுப்பு பரீட்சையில தேறி, அறந்தாங்கி ஸ்டேஷன் பார்சல் ஆபீசுல சேர்ந்துட்டான். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கான். நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒன் தங்கச்சி தங்கமுத்து ஞானோபதேசப் பரீட்சையில முதல் பரிசு, கண்ணாடி போட்ட மாதா படம். சாமியார் பிரசங்கத்துலயே அவ பேரைச் சொன்னாரு. ஒன் சித்தப்பன் மகன் சூசை பதினாலு வயசுல தனியா படகுல பாய் ஏத்துறான். எல்லாருக்கும் மேல நீ. நம்ம வம்சத்துல கப்பல் ஏறின முதல் பொம்பளை, அதுவும் ஆண்டவர் வேலைக்கு.

கன்னியாஸ்திரி ஆனவளை இனிமே நீங்கன்னுதான் சொல்லணும்னு சாமியார் சொன்னாரு. ரெண்டு வரி அப்படி எழுதிப் பார்த்தேன். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுற மாதிரி இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்.

கருவாடு நிறுக்கிற சேவுகன் கேட்டான், "ஒங்க பேத்தி அங்கிட்டுப் போயி எந்தப் பாஷையில பேசுது ஆத்தா?" பர்மாப் பாஷையிலதான்னு சொன்னேன். "நாலு மாசத்துலயா?"ன்னான். அஞ்சு வயசுல லத்தீன் ஜெபம் தப்பில்லாம சொன்னவளுக்கு நாலு மாசம் ஜாஸ்தின்னேன். அவன் நம்பல. அந்த ஊரு எழுத்துல ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு, அவன் மூஞ்சிக்கு நேரா காட்டணும்.

ஒன் அப்பத்தா
இன்னாசியம்மாள்


பர்மா, ஐராவதிக் கரை
1936 பிப்ரவரி 6

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடத்துத் தலைவி மதர் பிரித்து என்னிடம் கொடுத்தார். இங்கே எல்லாருடைய கடிதமும் அப்படித்தான் வரும். அவர் பிரான்சு தேசத்துக்காரர், தமிழ் தெரியாது. ஆகவே வீட்டில் எல்லாரும் சுகமா என்று மட்டும் கேட்டார். சுகம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வரும்.

நீங்கள் கேட்ட வரியை எழுதவில்லை. பார்த்து எழுத முடியும், எல்லாம் வட்டம் வட்டமான எழுத்துத்தான். ஆனால் அதைக் காட்டி நீங்கள் சேவுகனிடம் சொல்லப்போவது பொய்யாகிவிடும். எனக்கு இந்தப் பாஷை வரவில்லை, அப்பத்தா.

படிக்கக் கொடுத்திருக்கும் புத்தகத்தில் பர்மிய வார்த்தைக்குப் பிரெஞ்சில் அர்த்தம் போட்டிருக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் படிக்கிறேன். தினம் ஒரு மணி நேரம் இந்த ஊர் உபதேசியார் வந்து பாடம் சொல்கிறார். மற்ற நேரமெல்லாம் மடத்தில் மௌனம், அது எங்கள் ஒழுங்கு. பேசாமல் ஒரு பாஷையை எப்படிக் கற்பது என்று யாரைக் கேட்பது? கேட்கவும் பேச வேண்டுமே.

என்னைப் பெருவியாதி, அதாவது குஷ்டம் பிடித்த பெண்கள் இருக்கும் வார்டில் விட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு பேர். புண்ணைக் கழுவிக் கட்டுவது என் வேலை. நான் உள்ளே போகும்வரை சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். உட்கார், காலை நீட்டு, திரும்பு, எல்லாவற்றையும் கையைக் காட்டியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஊமையைப் போல.

ஜூன் மாதம், இஸ்பிரீத்து சாந்து திருநாள் கழிந்ததும் பாஷைப் பரீட்சை. தேறாவிட்டால் திருச்சிராப்பள்ளி மடத்துக்குத் திருப்பி அனுப்பித் தையல் அறையில் உட்கார வைப்பார்கள். நேற்று துணி மடிக்கும்போது, அனுப்பிவிட்டால் நல்லது என்றுகூடத் தோன்றியது. பதினைந்து வயதிலிருந்து நான் கேட்டு அழுத வேலை இது. அதையே வேண்டாமென்று நினைத்தது என்னைப் பயமுறுத்துகிறது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள்
அடைக்கலமேரி


கட்டுமாவடி
1936 மார்ச் 1

பேத்திக்கு,

கடைசி வரியை முதல்ல எழுதியிருக்கணும் தாயி. கருவாடு காயப்போட்ட இடத்துல பத்துப் பொம்பளைங்களை உட்கார வச்சு வாசிச்சுக்கிட்டு இருந்தேன். ஊமைங்கிற இடம் வந்ததும் கண்ணாடி மங்குதுன்னு சொல்லி மடிச்சுட்டேன். மடிச்சு என்ன பிரயோசனம். சாயங்காலம் தராசோட வந்த சேவுகன், "என்ன ஆத்தா, பேத்தி அங்கிட்டு அபிநயம் பிடிக்குதாமே" அப்படின்னான். நீ வாய் இருந்து என்னத்தக் கிழிச்சன்னு கேட்டேன்.

ஒன்கிட்ட ஒளிக்கக் கூடாது. நீ தேறணும்னு கேக்கத்தான் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னாடி மெழுகுதிரி ஏத்தினேன். வாயில வந்தது என்னன்னா, இவ தேறாம வந்துட்டா நல்லாருக்குமேன்னு. எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. திருச்சிராப்பள்ளின்னா ரயில் ஏறி வந்து ஒன்னைப் பார்த்துடலாம். பர்மாவுக்கு எங்கிட்டு வாரது? பாதியில நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். நீ தோத்து வர்றதுல நான் சந்தோஷப்படுறதா? அப்படி ஒரு கெழவி இருக்கலாமா? திரியை எரிய விட்டுட்டு ஒண்ணும் கேக்காம வெளிய வந்துட்டேன்.

பாஷைக்கு என்கிட்ட மருந்து இல்ல, நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. சோத்துக்கு மருந்து இருக்கு. விபூதிப் புதன் முடிஞ்சு தபசு காலம் ஆரம்பிச்சாச்சு, அங்கேயும் கறி நிறுத்தியிருப்பாங்க. மீனுக்குத் தடை இல்லைல்ல. வல்லத்திராக்கோட்டை வெள்ளைச்சாமி ரங்கூன் அரிசி மில்லுக்குப் போறான். நல்ல பையன், நம்ம வேதம் இல்லன்னாலும் ஆத்தான்னுதான் கூப்பிடுவான். அவன்கிட்ட ஒரு பனையோலைப் பெட்டி குடுத்து விட்டிருக்கேன். நெத்திலி, வாளை, மீமிசல்ல இருந்து வந்த காரல். மூணும் நானே திருப்பிப் போட்டுக் காயவச்சது. எல்லா சிஸ்டர்மாரோடயும் பங்கு வச்சுச் சாப்பிடு. மதருக்கு நெத்திலியைக் குடு, முள் தொந்தரவு இருக்காது.

அப்பத்தா


1936 மார்ச் 28

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பெட்டி வந்தது.

எங்களுக்கு வருவது எதுவும் எங்கள் சொந்தமில்லை. பொது உக்கிராண அறையில் வைத்து, மதர் அனுமதி கொடுத்த பிறகே பிரிக்க வேண்டும். அந்த அறை கோயிலை ஒட்டி இருக்கிறது. மதர் மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். முதல் நாள் சிலுவைப்பாதை சொல்லும்போதே சிஸ்டர்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பீடத்துக்கு அடியில் எலி செத்திருக்கிறது என்று முடிவுசெய்து தரைப்பலகையைப் பெயர்த்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன். எனக்கு முதலிலேயே தெரியும், சொல்லத் தைரியமில்லை. மூன்றாம் நாள் மதர் வந்து நேராக உங்கள் பெட்டியிடம் போய் நின்றார்.

எல்லார் முன்னாலும் முழங்காலிட்டு, அது என் வீட்டிலிருந்து வந்தது, தெரிந்தே மறைத்தேன் என்று, இதற்குள் பழகியிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். மதர் திட்டவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா என்று கேட்டார். நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் பாஷை இல்லை. தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிடு என்றார்.

இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம். பாஷை தெரியாதவள் என்ற பெயர் போதாதென்று இப்போது நாற்றம் கொண்டுவந்தவள் என்ற பெயரும் வந்தாயிற்று.

அடைக்கலமேரி


கட்டுமாவடி
1936 ஏப்ரல் 19

அடைக்கலமேரிக்கு,

காயிதம் கெடச்சது. பாஸ்குத் திருநாள் முடிஞ்சது. எல்லாரும் சுகம்.

நாற்றம்னு எழுதியிருக்க. ஒன்னை எட்டு வயசுல திருச்சிராப்பள்ளி போர்டிங்ல சேர்த்தப்ப, பெஞ்சில பக்கத்துல உட்கார்ந்த பிள்ளை மூக்கைப் பிடிச்சான்னு அழுதியே, அப்பவும் இதே சொல்லுதான் சொன்ன. நான் ரெண்டு சட்டை புதுசா தச்சு அனுப்பினேன். அந்த நாற்றம்தான் ஒன்னைப் படிக்க வச்சது. மதர் கேட்டது தப்பில்ல, அவங்க வெள்ளைக்காரங்க. நீயும் அதை நாற்றம்னு சொல்லியிருக்க வேண்டாம்.

புதைச்சாச்சான்னு மட்டும் எழுது.

இன்னாசியம்மாள்


1936 ஏப்ரல் 21

என் அன்புள்ள அப்பத்தாவுக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். உங்கள் கருவாட்டை நான் புதைக்கவில்லை.

அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த அன்று மாலை, பெட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் பின்னால் இருக்கும் புளியமரத்தடிக்குப் போனேன். பாதிக் குழி வெட்டியிருப்பேன். பின்னால் யாரோ சத்தமாகப் பேசினார்கள். டோ மியா. வயதான பெண்களை இங்கே பெயருக்கு முன்னால் டோ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். உங்கள் வயதுதான் இருக்கும். வியாதி வந்ததும் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களாம், பதினோரு வருஷமாக ஒருவரும் வரவில்லை. இது பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான், அவள் என்னைத் திட்டுகிறாள்.

குழியில் இறங்கி, பெட்டிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நான் வழக்கம்போலக் கையைக் காட்டினேன், எழுந்திரு என்று. அவள் எழுந்திருக்கவில்லை. பதிலுக்கு ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதுதான் கவனித்தேன், அப்பத்தா. தினம் நான் கட்டுப் போடுகிற கைதான். இரண்டு கையிலும் ஒரு விரல்கூட இல்லை. மற்றவர்களெல்லாம் நான் கையைக் காட்டினால் பதிலுக்குக் கையைக் காட்டிவிடுவார்கள், வார்த்தைக்கே வேலை வராது. அவளுக்குக் காட்ட ஒன்றுமில்லை. வேண்டியதை வாயால்தான் சொல்ல வேண்டும், எனக்குப் புரிகிறவரை சொல்ல வேண்டும்.

பெட்டியைத் திற. மேலே இருப்பது வேண்டாம், கீழே இருப்பதை எடு. முகர்ந்து பார். என் மூக்குக்குக் கொண்டுவா. இவ்வளவும் புரிய அரைமணி நேரம் ஆனது. வாளையை மூக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதரிடம் போய் அழுதேவிட்டேன். இருக்கிற பிரெஞ்சையெல்லாம் கொட்டி, நோயாளிகள் கேட்கிறார்கள் என்றேன். கேட்டால் கொடு என்றார். இந்த ஊரில் மீனை இடித்துப் புளிக்கவைத்து எல்லாக் குழம்பிலும் போடுவார்களாம். மடத்துச் சமையலில் அது கிடையாது. வார்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, புளிச்சக்கீரையோடு உங்கள் கருவாட்டைப் போட்டுச் சமைத்தோம். ஆமாம், நம் ஊர்ப் புளிச்சக்கீரையேதான். டோ மியா சொல்லச் சொல்ல என் கை செய்தது. தலையைக் கிள்ளு. இன்னும் சின்னதாக. உப்புப் போடாதே, அதிலேயே இருக்கிறது. தப்பாகச் செய்தால் முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். என் முன்னால் அவர்கள் சிரித்தது அன்றுதான். அதற்கு அப்புறம் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. தப்பாகப் பேசினால் கட்டிலுக்குக் கட்டில் திருத்துகிறார்கள்.

பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். புத்தகத்திலிருக்கும் ஜெபமெல்லாம் இப்போதும் தலையில் நிற்கவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. டோ மியா கேட்கச் சொல்கிறாள்: வாளைக்கு உப்பு எப்போது போடுவது, புழு வைக்காமல் எப்படிக் காத்தீர்கள், யார் திருப்பிப் போட்டது?

உங்கள் பெட்டியைக் கண்டு வெட்கப்பட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடைக்கலமேரி


கட்டுமாவடி
1936 மே 14

என் ராசாத்திக்கு,

நடுவுல ஒரு காயிதம் போட்டேன், ஒனக்கு வந்திருக்கும். அதை அடுப்புல போட்டுரு.

இந்தத் தடவை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாவே வாசிச்சேன், நீ தடுக்கலையே. அந்தம்மா குழிக்குள்ள உட்கார்ந்த இடத்துல பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. சேவுகன் தராசைக் கீழ வச்சுட்டான். அப்புறம், "விரலே இல்லாம அந்தம்மா எப்படி ஆத்தா முள் எடுத்துத் தின்னும்?"னு கேட்டான். நீதான் எடுத்து ஊட்டியிருப்பன்னு சொன்னேன். சரிதானே?

டோ மியாம்மாகிட்டச் சொல்லு. மீனைக் கரைக்குக் கொண்டுவந்த கையோட வயித்தைக் கீறி, கொடலை எடுத்து, முதுகோட பொளந்து உப்பு அடைக்கணும். ஒரு ராத்திரி தொட்டியில கிடக்கணும். மறுநாள் கடல் தண்ணியிலதான் அலசணும், கிணத்துத் தண்ணி பட்டா புழு வைக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள விரிச்சு, நேரம் பார்த்துத் திருப்பணும். காக்காய்க்கு நான் குச்சியோட உட்கார்ந்திருப்பேன், வேற ஆளை நம்புறதில்ல. வாளையை விரிக்காம கயித்துல தொங்கவிட்டா இன்னும் நல்லா காயும்னு சேவுகன் சொல்லச் சொன்னான். இருபது வருஷமா என்கிட்ட அவன் அதைச் சொன்னதில்ல. அந்தம்மாவுக்காகச் சொல்றான். அவன் பங்கா ஒரு கட்டு வாளையும் அனுப்பப் போறானாம்.

டோ மியா பேரைச் சொல்லிப் பூசை வைக்கணும்னு சாமியார்கிட்டக் கேட்டேன். "ஞானஸ்நானம் வாங்கினவளா?"ன்னாரு. "இல்ல சாமி, கருவாடு வாங்கினவ"ன்னேன். சிரிச்சுட்டு, அடுத்த திங்கக்கெழமை பூசையில நினைச்சுக்கிறேன்னாரு.

மறுபடி அந்தோணியார்கிட்டப் போனேன். இந்தத் தடவை நாக்கு கோணல. என் பேத்தியை அங்கேயே வையுன்னு கேட்டேன். கேட்டுட்டு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், அது வேற.

அப்பத்தா


1936 ஜூன் 12

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பரீட்சை முடிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், முடிவைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள்.

சுவாமி ஒருவர், உபதேசியார், மதர், மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வாசிப்பு. தவறிவிட்டேன். பிறகு ஆண்டவரின் கட்டளைகளான பத்துக் கற்பனைகளை விளக்கச் சொன்னார்கள். நாலாவதில் நின்றுவிட்டேன். சுவாமி பேனாவை மூடினார். மதர் ஜன்னலைப் பார்த்தார். அப்போது உபதேசியார், தினம் எனக்குப் பாடம் சொல்லிச் சலித்த மனிதர், "உனக்கு என்னதான் சொல்ல வரும்?" என்று பர்மியத்தில் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

நாங்கள் பெரியவர்கள் முன்னால் கையை அங்கியின் கைக்குள் மடித்து வைத்திருக்க வேண்டும். அப்படியே நின்று, எங்கள் ஊரில் கருவாடு போடுவது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன். வயிற்றைக் கீறுவது, உப்பு அடைப்பது, கடல் தண்ணீரில் அலசுவது, ஏன் கிணற்றுத் தண்ணீர் கூடாது என்பது. உங்கள் கடிதம் அதற்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது. டோ மியாவுக்கு நாலு முறை சொல்லி, நாலு முறையும் அவள் திருத்தியிருந்தாள். உபதேசியார் குறுக்கே கேட்டார், காக்காய் வந்தால் என்ன செய்வாய்? என் அப்பத்தா குச்சியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்றேன். மழை வந்தால்? நனைந்ததைத் தனியாகப் பிரித்து அன்றைக்கே குழம்பு வைப்போம் என்றேன். அவர் கேட்க நான் சொல்ல, மணி அடித்தது. அவர் சுவாமியைப் பார்த்து, இவள் கையை ஒரு தடவைகூட எடுக்காமல் எல்லாம் சொன்னாள் என்றார்.

சுவாமி மூடிய பேனாவைத் திறந்தார். நம் ஆண்டவர் கூப்பிட்ட ஆட்களும் மீன்காரர்கள்தானே, இவளை எதற்குத் திருப்பி அனுப்புவது என்று மதரைக் கேட்டார்.

நான் இங்கேயே இருக்கிறேன், அப்பத்தா. வாசிப்புக்கு மட்டும் வருகிற வருஷம் மறுபடி உட்கார வேண்டும். வார்டுக்குள் இருக்கும் நேரம் எனக்கு மௌன ஒழுங்கு இல்லை என்று மதர் உத்தரவு கொடுத்திருக்கிறார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது, அந்தப் பெண்கள் தன்னிடம் நன்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள், ஒரு நாளும் சண்டை போட்டதில்லை என்றார். சொல்லும்போது அவர் முகம் எப்படியோ இருந்தது. உங்கள் பெட்டிகள் இனி வரலாமாம். நேராக வார்டுக்கு, கோயில் பக்கம் வராமல்.

நான் தேறியதை டோ மியாவிடம் சொன்னேன். "தேறியது நான்தான் என்று சொல்" என்றாள்.

உங்கள்
அடைக்கலமேரி


கட்டுமாவடி
1936 ஜூலை 5

என் கண்ணுக்கு,

நீ வரிசையா சொல்றேன்னு எழுதியும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல பார்த்தேன். பார்த்துட்டு ஆரம்பத்துல இருந்து மூணு தடவை வாசிச்சேன்.

யார் யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல. அந்தோணியாருக்குச் சொல்லியாச்சு. பெட்டியைத் தலையில வச்சுக் கொண்டுபோய்ச் சேர்த்த வெள்ளைச்சாமியோட ஆத்தாளைப் பார்க்க வல்லத்திராக்கோட்டைக்கே நடந்து போனேன், அறந்தாங்கி வரைக்கும் வண்டி. அந்தம்மா பலகாரம் குடுத்து, "ஒங்க பிள்ளை வேலைக்கு எங்க பிள்ளை கை குடுத்துச்சுன்னா எங்களுக்கும் புண்ணியந்தானே"ன்னு சொன்னா. மதருக்கு என் நமஸ்காரம் சொல்லு. மூக்கைப் பிடிச்சவங்கன்னு மனசுல வச்சிருந்தேன். பத்தொன்பது வருஷம் நன்றி மட்டும் கேட்ட மனுஷின்னு நீ எழுதினதும் அது போயிடுச்சு. பாவம், யாரும் சண்டைக்குக் கூட இல்லாம எப்படி இருந்தாங்களோ. உபதேசியாருக்கும் சொல்லு, கோபத்துல கேட்டாலும் நல்ல கேள்வி கேட்டாரு.

டோ மியாம்மாவுக்கு நன்றின்னு சொல்லாத. அவ அதைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சவளா இருக்க மாட்டா, ஆனா அது காணாது. கட்டுமாவடியில ஒருத்தி தினமும் வெயில்ல குச்சியோட உட்கார்ந்திருக்கா, ஒன்னையும் தன் ஆளுன்னு நினைக்கிறா, அப்படின்னு சொல்லு. அதுக்கு அந்த ஊர்ல என்ன வார்த்தையோ அதைப் போட்டுச் சொல்லு, ஒனக்குத்தான் இப்பத் தெரியுமே.

நான் கெழவி, ஒன்னை இனிமே பார்ப்பேனோ என்னவோ. அதுல வருத்தம் இல்லைன்னு எழுதினா பொய். நீ அங்கிட்டு இருக்கிறது எனக்கு வேணும், இங்கிட்டு இல்லாததும் வலிக்குது, ரெண்டும் இருக்கட்டும்.

ஒரே ஒரு கேள்வி. மடத்துல போட்டோ எடுக்க விடுவாங்களா? தனியா நிக்கிற படம் வேண்டாம். போட்டோக்காரன் வந்தா எல்லாரும் வாயை இறுக்கிக்கிட்டு, கண்ணை முழிச்சுக்கிட்டு நிப்பாங்க, அப்படிப்பட்ட படம் வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்கு. டோ மியாம்மா பக்கத்துல உட்காரு. அவகிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இரு, பேசுற நடுவுல எடுக்கச் சொல்லு. வாய் திறந்திருக்கணும். சத்தம் கேக்காட்டி என்ன, நீ பேசுறது எனக்குத் தெரிஞ்சா போதும். எடுத்ததும் தபால்ல அனுப்பு.

ஒன் அப்பத்தா
இன்னாசியம்மாள்